ஜெயிக்கிற வரைக்கும் தாடி

சலூன்கார அண்ணனுக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு: ‘பொதுவா’. நாற்காலியில் உட்கார்ந்த ஆள் “பொதுவா சொல்லணும்னா...” என்று பேச்சைத் தொடங்கினால் போதும், அண்ணனின் கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றுவிடும்.

“பொதுவா எல்லாம் வேணாம்பா. நீ எந்தப் பக்கம்? அத்தச் சொல்லு.”

பாதித் தலை வெட்டிய நிலையில் உட்கார்ந்திருக்கிறவன் என்ன செய்வான்? ஏதோ ஒரு பக்கத்தைச் சொல்வான். அப்புறம்தான் மீதித் தலை.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் அவருடைய சலூனும் என் தையல் கடையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. பெரிய கண்ணாடியை மாட்ட அவர் அடித்த ஆணிகளின் கூர் என் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நான் இன்ச் டேப்பை மாட்டிக்கொள்வேன். அங்கே பேசுவதெல்லாம் இங்கே கேட்கும். சலூன் வாசலை மிதிக்காமலேயே செஞ்சி ஆம்பளைகளின் மனசு முழுக்க எனக்குத் தெரிந்ததென்றால் அது அந்தத் தடுப்பின் தயவால்தான்.

நான் கடை போட்ட முதல் நாள், லோடு ஆட்டோவிலிருந்து மெஷினை இறக்கிக்கொண்டிருந்தபோது எதிர் டீக்கடை வாசலில் கறுப்பு நாய் ஒன்றும் செவலை நாய் ஒன்றும் கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. அண்ணன் ஒருத்தருக்குச் சோப்பு போட்டதை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார். பிரித்துவிடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துக் கேட்டார்:

“நீ எந்தப் பக்கம்மா?”

“எனக்கு நாய்ன்னாலே பயம்ணா.”

“அது பதில் இல்லம்மா. நான் கறுப்பு.”

கறுப்பு தோற்றது. ஒரு கால் நொண்டியும் ஆனது. அன்றிலிருந்து அதற்குத் தினமும் காலையில் ஒரு பன். செவலை வந்து வாலாட்டினால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொஞ்ச நாளில் நாய்கள் இரண்டும் ராசியாகி, டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்க ஆரம்பித்தன. அப்போதும் செவலைக்குப் பன் கிடையாது.

“அதுங்களே சமாதானமாயிடுச்சே, உங்களுக்கு இன்னாண்ணா?” என்றேன்.

“அதுங்க ஆவும்மா. நான் எப்படி ஆவறது?”

அவரிடம் எனக்குப் பிடித்ததும் என்னைப் பயமுறுத்தியதும் இந்தக் குணம்தான். திண்டிவனம் ரூட்டில் போட்டி போட்டு ஓடும் தனியார் பஸ் இரண்டில் ஒன்று அவர் பக்கம். மச்சான் கருமாதிக்குப் போக வேண்டிய நாளில் மற்ற பஸ் காலியாக வந்து நின்றும் ஏறவில்லை. அவர் பஸ் ரிப்பேராகி வழியில் நின்றுவிட்டது. அண்ணன் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு இலையெல்லாம் எடுத்துவிட்டார்களாம். அண்ணி இதை என்னிடம் சொல்லும்போது சிரித்தாள். முந்தின வாரம்வரை இதற்கு அழுதுகொண்டிருந்தவள்.

இப்படிப்பட்ட மனிதர் இருக்கிற ஊரில்தான் அந்தச் சண்டை வந்தது. செஞ்சியில் வரவில்லை, எங்கேயோ, விமானம் ஏறினால் ஒரு பகல் முழுக்கப் பறக்க வேண்டிய தூரத்தில் வந்தது. எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் ஒரு பக்கம் எடுத்துக்கொள்வீர்கள், அப்புறம் அண்ணன் கதை உங்கள் காதில் விழாது.

சலூன் டிவியில் மேப் காட்டினார்கள். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அண்ணனுக்கு அதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை.

“சிறிசு. அதான் நம்ம பக்கம்.”

மாசி மாசம் அது. ஒரு வாரத்தில் சலூன் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. முடிவெட்ட வராதவனெல்லாம் வந்து உட்கார்ந்தான். அந்த நாட்டின் பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள், ஆனால் எல்லோரும் நெஞ்சிலிருந்து சொன்னார்கள். ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், செஞ்சிக்கு வெளியே வேலூருக்கு மேல் போகாதவர், பீரங்கி வண்டிகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். பள்ளிக்கூடத்து பி.டி. சார் வாடிக்கையாளர் மேல் போர்த்திய துணியிலேயே ஷேவிங் கிரீமால் ஆறு வரைந்து, பவுடர் தூவிப் பனி பெய்யவைத்து, எந்த வழியாகப் படையை நகர்த்த வேண்டும் என்று காட்டினார். துணிக்கு அடியில் இருந்த ஆள் நகராமல் உட்கார்ந்திருந்தான். “நம்ம கோட்ட நிக்கிற ராஜகிரி மாதிரி ஒரே ஒரு மல அங்க இருந்திருந்தா ஒருத்தன் உள்ள வந்திருக்க முடியுமா?” என்று உரக்கடைக்காரர் ஆதங்கப்பட்டார். எதிரியின் பாலம் ஒன்று இடிந்த செய்தி வந்த சாயங்காலம், தீபாவளிக்கு வாங்கி மிச்சமிருந்த சரவெடியை யாரோ கொளுத்தினார்கள். கறுப்பு நாய் என் மெஷினுக்கடியில் வந்து பதுங்கிக்கொண்டது.

அண்ணன் கோயிலுக்குப் போய் அந்த நாட்டின் பேருக்கு அர்ச்சனை செய்தார். ஐயர் நட்சத்திரம் கேட்டாராம்.

“நாடு சாமி. நட்சத்திரம் சரியாத் தெரியல.”

ஐயர் நல்ல மனிதர். “ரேவதின்னு வெச்சுக்கறேன்” என்று முடித்துக்கொடுத்துவிட்டார். அதிலிருந்து அண்ணன் வாராவாரம் ரேவதிக்குப் பலன் பார்த்தார். “எதிரிகள் பலம் குறையும்னு போட்டிருக்கான்மா,” என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார். “ஆனா வயிறு சம்பந்தமா கவனமா இருக்கணுமாம்.”

உற்சாகத்தின் உச்சியில்தான் அந்தச் சபதம் வந்தது. “நம்ம பக்கம் ஜெயிக்கிற வரைக்கும் நான் சவரம் பண்ணிக்கமாட்டேன்!” அண்ணன் சொன்னதும் கைதட்டல். உடனே ஆட்டோக்காரர், பி.டி. சார், உரக்கடைக்காரர், இன்னும் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அதே சபதத்தை எடுத்தார்கள். சத்தத்தில் என் பக்கத்து ஆணிகள் ஆடின. எல்லோருக்கும் மனசில் ஒரு பத்துப் பதினைந்து நாள் கணக்கு.

அண்ணிக்கு விஷயம் தெரிந்தது. “சலூன்காரன் சவரம் பண்ணிக்கமாட்டானா? எல்லாரும் சேர்ந்து சவரம் பண்ணிக்கமாட்டீங்கன்னா அப்புறம் யாருக்குய்யா பண்ணுவ? கண்ணாடிக்கா?” என்று வாசலில் நின்று கேட்டாள். அண்ணன் ஏற்கெனவே தாடையைத் தடவிப்பார்க்க ஆரம்பித்திருந்தார்.

பங்குனி போனது. சித்திரை வந்தது. சண்டை அங்கேயே இருந்தது.

முதலில் வந்தது ஆட்டோக்காரர்தான். உச்சி வெயில் நேரம், ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். எனக்குக் கேட்டது.

“மச்சினிச்சி கல்யாணம்ணா. தாடிய மட்டும் எடுத்துடு. மீசைய விட்டுடு. மீச சண்டைக்கு.”

“அங்க ஒவ்வொருத்தன் உசுரக் குடுக்கறான். உனக்கு மச்சினிச்சி கல்யாணமா?”

“அவனுக்கும் மச்சினிச்சி இருந்தா லீவு கேட்டிருப்பான்ணா. வீடியோ எடுப்பாங்க. என் பொண்டாட்டி அழுவுறா.”

கிண்ணத்தில் பிரஷ் உரசும் சத்தம் கேட்டது. பிறகு கத்தி தாடியில் இழுபடும் சத்தம். சபதம் எடுக்கவைத்தவரே தன் கையால் அதைக் கலைக்க வேண்டியிருந்தது, வேறு சலூனுக்கு அனுப்பவும் மனசு வரவில்லை.

அப்புறம் அக்னி நட்சத்திரம். “சண்ட நியாயம்தான்ணா. ஆனா அரிக்குது,” என்று ரெண்டு மூன்று பேர் ஒன்றாக வந்தார்கள். பி.டி. சார் வந்தார். எட்டாவது பையன்கள் அவருக்கு ஆடு என்று பேர் வைத்துவிட்டார்களாம். “நான் மனசால எப்பவும் சப்போர்ட்தான். முகத்துல எதுக்கு?” என்றார். அவர் தாடி இறங்கும்போது டிவியில் செய்தி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் கண்ணாடியில் தன் தாடையைத்தான் பார்த்தார்.

உரக்கடைக்காரர் ஆடிவரைக்கும் தாங்கினார். அந்த ஆடியில் யூரியா வரவில்லை. கப்பல் வரவில்லை, கப்பல் வராததற்கு அந்தச் சண்டைதான் காரணம் என்று சொன்னார்கள். வல்லம் பக்கத்தில் வேர்க்கடலை போட்டுவிட்டு வந்து வரிசையில் நின்ற ஒரு அம்மா கடைக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

“எவன் ஊரு சண்டைக்கோ என் மல்லாட்ட ஏன்யா வாடணும்?”

அவர் பொறுமையாக விளக்கினார். சிறிய நாடு, பெரிய நாடு, நியாயம், அநியாயம். பக்கத்தில் நின்ற ஒருத்தன், “இவரு அந்தச் சண்டைக்காகத்தான் தாடி வெச்சிருக்காராம்,” என்று போட்டுக்கொடுத்துவிட்டான். அவ்வளவுதான். யூரியா வராததற்குக் காரணமான ஆள் கண்ணெதிரில், தாடியோடு, கிடைத்துவிட்டான். வரிசை கலைந்து அவரைச் சூழ்ந்தது. அவர் பின்பக்கமாக வெளியேறி நேராகச் சலூனுக்கு ஓடிவந்தார்.

“வழிச்சுடுப்பா, சீக்கிரம்.”

“நம்ம பக்கம் ஜெயிக்கணும்ல?”

“யாரு ஜெயிச்சா இன்னாப்பா? சட்டுனு முடிஞ்சாச் சரி.”

மாசியில் ‘ஜெயிக்கணும்’ என்றிருந்தது ஆடியில் ‘முடியணும்’ என்று ஆகிவிட்டதை, பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த நானே கவனித்தேன். அண்ணன் கவனிக்காமல் இருந்திருப்பாரா? அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னது வேறு.

“காரணம் சொல்றவன் பரவால்லம்மா. வெக்கப்படறான், அப்ப ஞாபகம் இருக்குதுன்னு அர்த்தம். நேத்து ஒருத்தன் வந்தான். நேரா உக்காந்தான். ‘ஷேவிங்’னான். அவ்ளோதான். சபதம் எடுத்தது அவன்தானான்னு எனக்கே சந்தேகமாயிடுச்சு.”

டிவியில் சண்டை ஓடினால் “ஒரு பாட்டு வைண்ணா” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணன் ரிமோட்டைத் துண்டுகளுக்கடியில் ஒளித்துவைத்தார். பெஞ்சு காலியானது. தினமும் காலையில் தடுப்பைத் தட்டி, “போன்ல பாரும்மா,” என்பார். நான் பார்த்துச் சொல்வேன். ஆரம்பத்தில் எதிரியின் தலைநகரத்தையே பிடிக்க வேண்டும் என்றவர், பிறகு இழந்த ஊரைத் திரும்பப் பிடித்தால் போதும் என்றார். பிறகு ஒரு பாலம். புரட்டாசியில், “நேத்து ஒண்ணும் போவலல்ல? போவலன்னா அதுவும் ஜெயிச்ச மாதிரிதான்மா,” என்றார்.

“அப்ப தாடிய எடுத்துடலாமாண்ணா?”

“அந்த அளவுக்கு ஜெயிக்கல.”

அதே புரட்டாசியில்தான் அந்த மத்தியானம். ஒரு கைக்குழந்தைக்கு முடி இறக்கக் கொண்டுவந்திருந்தார்கள், அது தூங்கிவிட்டதால் டிவியில் சத்தத்தை நிறுத்தியிருந்தார். திரையில் ஒரு பொம்பளை. இடிந்த வீட்டின் முன்னால் ஒரு பையனின் சட்டையை வைத்துக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, மடித்தாள். அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கி அழுததாக அந்தக் குழந்தையின் அப்பா என்னிடம் சொன்னார். அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகு அந்த ஆள்தான் திரையில் ஓடிய எழுத்தைப் படித்துச் சொன்னாராம்: “ண்ணா, இது அந்தப் பக்கத்து ஊருண்ணா. நம்ம ஆளுங்க போட்ட குண்டு.”

சாயங்காலம் அண்ணன் என் கடை வாசலில் வந்து நின்றார். கழுத்தை மறைக்கிற தாடி. மேலே சின்னதாக இரண்டு கண்.

“எந்தப் பக்கம்னு தெரியாம அழுதுட்டேம்மா,” என்றார், பர்ஸைத் தொலைத்தவர் மாதிரி.

“அழுததுல தப்பு இல்லண்ணா,” என்றேன்.

“தப்பு இல்லதான். ஆனா இப்ப நான் இன்னா பண்றது?”

தாடியை எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. முன்னால் அந்த நாட்டுக்காக வைத்திருந்தார். இப்போது, சொல்லிவிட்டோமே என்பதற்காக வைத்திருந்தார். வித்தியாசம் முகத்தில் தெரிந்தது, தாடியில் தெரியவில்லை.

தொழில் படுத்தது. தாடிக்காரரிடம் யார் தாடி எடுக்க வருவார்கள்? குழந்தைகள் பார்த்ததும் அலறின. ஆனால் கார்த்திகையில் வேறு ஒரு கூட்டம் வந்தது. தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிற பஸ்கள் செஞ்சியில் நிற்கும். டீ குடிக்க இறங்கிய ஒரு அம்மா, சலூன் படியில் வெள்ளை வேட்டியும் தாடியுமாகச் சும்மா உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு காலில் விழுந்துவிட்டார். ஒருவர் விழுந்தால் பஸ்ஸே விழும். அண்ணன் மிரண்டுபோய் எழுந்து, பழக்கதோஷத்தில் கேட்டார்:

“நீங்க எந்தப் பக்கம்?”

அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இத்தன நாளா வெளிப் பக்கமே சுத்திட்டேன் சாமி. இனிமே உள் பக்கம்தான்.”

பின்னால் நின்றவர் தன் மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார். முகப்பவுடரை விபூதி என்று ஒருவர் பூசிக்கொண்டு போனார். கண்டக்டர் விசில் அடித்துத்தான் அவர்களைக் கலைக்க முடிந்தது.

அண்ணனுக்கு ஒரே மகள். செஞ்சியிலேயே ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. அவலூர்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனும் பெண்ணும் ஏற்கெனவே பேசிப் பிடித்துப்போனவர்கள், வந்தது பெரியவர்கள் திருப்திக்கு. நான் காபி கொடுக்கப் போயிருந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது, அண்ணன் உள்ளேயிருந்து வந்து கும்பிடும்வரை. பையனின் அத்தை தாடியைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் வயிற்றைப் பார்த்தாள். மெதுவாக என்னை ஓரமாக இழுத்தாள்.

“ஏம்மா, பொண்ணோட அம்மா முழுகாம இருக்காங்களா?”

பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் சவரம் செய்துகொள்ளாத வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அண்ணிக்கு ஐம்பதைத் தொடுகிற வயசு. நான் அவசரமாக, “இல்லக்கா, இது சண்டைக்கு,” என்றேன். “புருஷன் பொண்டாட்டி சண்டையா?” என்று அத்தை இன்னும் பயந்தாள். விளக்கிச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே போனது. கர்ப்பத்தையாவது அவளால் ஏற்றுக்கொண்டிருக்க முடியும்.

கிளம்பும்போது பையனின் அப்பா பக்குவமாகச் சொன்னார். “உங்க வேண்டுதல் முடியட்டும். தாடி எடுத்தப்புறம் சொல்லி அனுப்புங்க, நிச்சயம் வெச்சுக்கலாம்.”

இப்படியாக அவலூர்பேட்டைக் கல்யாணம் ஒன்று, யாராலும் பெயர் சொல்ல முடியாத ஒரு பாலத்தில் போய்த் தொங்கியது.

மகள் கத்தவில்லை. “நைனா, அங்க முடியறதுக்கு வருஷக்கணக்கு ஆவும்னு சொல்றாங்க. நானும் அதுவரைக்கும் நிக்கணுமா?” என்று மட்டும் கேட்டாள். அண்ணி பேசுவதையே நிறுத்திவிட்டாள். சோற்றைத் தட்டில் வைத்து, தட்டைத் தரையில் தள்ளிவிட்டுப் போனாள்.

அண்ணனுக்கு ஒரு வழி தோன்றியது. கூட சபதம் எடுத்தவர்கள் எல்லோரும் கூடி, “போதும், எடுத்துடு” என்று சொல்லிவிட்டால் எடுத்துவிடலாம். பேசி முடிவெடுத்த மாதிரி ஆகும். மூன்று பேர் வந்தார்கள். வழவழவென்ற மூன்று முகம். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம்.

“எதுக்குப்பா கூப்ட்ட?” என்றார் உரக்கடைக்காரர்.

“சண்ட விஷயமா.”

“எந்தச் சண்ட? ஓ, அதுவா. நம்ம பெரிய நாடு எப்படி இருக்குது?”

அண்ணன் திடுக்கிட்டார். “பெரிய நாடா? நாம சின்ன நாடுப்பா!”

“இல்லியே. உரம் பெரிய நாட்லேர்ந்துதான வருது? நான் எப்படி எதிர்ப் பக்கம் இருந்திருப்பேன்?”

“பாலம் இடிஞ்சப்போ சரவெடி வெடிச்சியே!”

“அது தெருவுல எவனோ வெடிச்சான்.”

பி.டி. சார் தொண்டையைச் செருமினார். “நான் அன்னைக்கே சொன்னேன், பொதுவா போரே தப்புன்னு.”

ஆட்டோக்காரர் நேர்மையானவர். “எனக்கு ஞாபகமே இல்லண்ணா. எல்லாரும் கத்தினாங்க, நானும் கத்தினேன். நல்லா இருந்துச்சு,” என்றார்.

அவர்கள் போன பிறகு நான் எட்டிப் பார்த்தேன். அண்ணன் சுழல் நாற்காலியைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அதில் யாரும் இல்லை.

மார்கழியில், பாண்டிச்சேரியிலிருந்து வாடகை ஸ்கூட்டரில் திருவண்ணாமலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பையனுக்கு எங்கள் கடை எதிரில் டயர் பஞ்சர். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். காத்திருக்கிற நேரத்தில் சவரம் செய்துகொள்ளலாம் என்று சலூனுக்குள் போயிருக்கிறான். இருபத்தைந்து வயசு இருக்கும். சிறிது நேரத்தில் தடுப்பு தட்டப்பட்டது. போனேன்.

பையன் முகமெல்லாம் சோப்பு நுரையோடு டிவியைக் கைகாட்டிக்கொண்டிருந்தான். செய்தி ஓடியது. அதை நிறுத்தச் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. நிறுத்தினோம். அவன் தன் போனை எடுத்து அவன் பாஷையில் ஏதோ சொன்னான். போன் அதைத் தமிழில், செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது.

“என்னைப் போருக்கு அழைத்தார்கள். நான் ஓடி வந்துவிட்டேன். என் அண்ணன் சென்றான். அவன் போர்முனையில் ஒரு பள்ளத்தில் வசிக்கிறான்.”

சலூன்கார அண்ணன் கையில் கத்தி. பத்து மாசமாக அவர் பார்த்துக்கொண்டிருந்த சண்டை, கழுத்தை அண்ணாந்துகொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. “எந்த நாடுன்னு கேக்கட்டுமாண்ணா?”

அவர் பையனின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எச்சில் விழுங்கும்போது அது ஏறி இறங்கியது.

“வேணாம்மா,” என்றார். “கேக்காத.”

அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த வாயிலிருந்து அப்படி வந்தது. பிறகு சவரம் செய்தார். பச்சைக் குழந்தைக்குச் செய்வதுபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

முடிந்ததும் பையன் அண்ணனின் தாடியைக் காட்டிக் கேட்டான். போன் சொன்னது: “உங்கள் தாடி சமயம் சார்ந்ததா?”

நான் போனுக்கு அருகில் குனிந்தேன். “உங்க ஊர் சண்டைக்காக வெச்சது. ஜெயிக்கிற வரைக்கும்...”

“ஜெயிக்கிற வரைக்கும்னு சொல்லாதம்மா,” என்று அண்ணன் குறுக்கே வந்தார். “முடியற வரைக்கும்னு சொல்லு.”

பையன் கேட்டான். கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனில் பேசினான்.

“அப்படியானால் உங்கள் முடி தரையைத் தொட்டுவிடும்.”

பிறகு எழுந்தான். நாற்காலியைத் தட்டிக் காட்டினான். அண்ணன் தயங்கினார். அவன் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். எத்தனையோ பேரை உட்காரவைத்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். கால் எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டார். பையன் கத்தரிக்கோலை எடுத்தான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தடுக்கவில்லை.

அவனுக்குச் சுத்தமாகக் கைவரவில்லை. ஒரு கிருதா மேலே, ஒன்று கீழே. மோவாயில் கத்தி கீறி ரத்தம் வந்தது. பதறிப்போன அவனுக்கு அண்ணனே படிகாரம் இருக்கிற இடத்தைக் கண்ணை மூடியபடி கை நீட்டிக் காட்டினார். தாடிக்குள்ளிருந்து வெளியே வந்த முகம் வெளுத்து, சின்னதாகி, வெட்கப்படுகிற முகமாக இருந்தது. மத்தியானச் சோறு கொண்டுவந்த மகள் வாசலில் நின்று, “எங்க நைனா இல்லியா?” என்று அவரிடமே கேட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்கூட்டர் தயாராகி அந்தப் பையன் போய்விட்டான். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. பந்தியில் ஆட்டோக்காரர் அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்ப நாம ஜெயிச்சுட்டோமாண்ணா?” என்று கேட்டார். அண்ணன் அவர் இலைக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொன்னார். சண்டை அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு வேலை மாறியதால் நான் கடையைக் காலி செய்துகொண்டு திண்டிவனம் வந்துவிட்டேன். அண்ணன் பட்டன் போனிலிருந்து எப்போதாவது கூப்பிடுவார். சலூனில் இப்போது செய்தி வைப்பதில்லையாம், பாட்டுதானாம். பேரன் பிறந்தது, அண்ணிக்குச் சர்க்கரை வந்தது எல்லாம் சொல்லிவிட்டு, வைக்கும் முன் கேட்பார்:

“நின்னுச்சாம்மா?”

“இல்லண்ணா.”

“சரிம்மா.” வைத்துவிடுவார்.

போன வாரம் நானே கூப்பிட்டேன். காலையில் போனில் பார்த்திருந்தேன். இரண்டு பக்கமும் கொஞ்ச நாளைக்குச் சுடுவதில்லை என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்களாம். “திண்டிவனத்துலேர்ந்து நம்ம தையக்கார அம்மா,” என்று கடைக்குள் சொல்லிவிட்டுத்தான் அண்ணன் பேசினார்.

“நின்னுடுச்சுண்ணா. இப்போதைக்கு.”

அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் போனை வாயிலிருந்து நகர்த்தி, கடையில் இருந்தவர்களிடம் சொன்னார்: “நின்னுடுச்சாம்பா.”

நாற்காலியிலிருந்து ஒரு குரல், சோப்பு நுரைக்குள்ளிருந்து வருகிற குரல், கேட்டது:

“இன்னாண்ணா நின்னுச்சு? திண்டிவனத்துல மழையா?”

கத்தி தோல்பட்டையில் தீட்டப்படும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

“ஆமாம்பா,” என்றார் அண்ணன். “மழதான்.”